ஜாக்குலினின் வஜி

பைசான் என் போனைக் காசிக்கு அனுப்பிவைத்தான். போன் மட்டும்தான் போனது. நான் குர்லாவில் அவனுடைய ரிப்பேர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“அங்கிள், நம்ம தாராவி சர்ச் கேட்டு இருக்குல்லா, இனி அதான் இதுக்கு அஸ்ஸி படித்துறை. நீங்க தாராவியில நடந்தா மேப்புல இது காசியில நடக்கும். சமஜ் கயா?”

காசி ஆற்றங்கரையில் மரமும் பறவையும் பார்த்துக்கொண்டு, கூட ஆள் இல்லாமல் தானே நடப்பதற்கென்று ஓர் ஆப் இருக்கிறது. குறித்த இடத்துக்குப் போய் நின்றால்தான் அந்த இடத்துக்கான பேச்சு வரும். அதில் தமிழில் பேசுகிறவள் என் மகள் ஜாக்குலின். பேசிக் கொடுத்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ழவுக்குப் பதில் இசட்டும் எச்சும் நின்றதால் வழியை வஜி என்று வாசித்துவிட்டாள். எங்களுக்கு மட்டும் என்ன, நானும் என் மனைவி சேசம்மாளும் வளி என்றுதான் சொல்லுவோம். கேட்டவர்கள் புகார் எழுதிப் போட, நான் பைசான் கடைக்குப் போன அன்றைக்கு மறுநாளிலிருந்து வேறொரு பெண்ணின் குரல் வரும் என்று ஆப்பே அறிவித்துவிட்டது. அதற்குள் முழுவதையும் ஒரு தடவையாவது கேட்டாக வேண்டும். காசிக்கு ரயில் பிடிக்க நேரமில்லை.

சாயங்காலம் சர்ச் கேட்டிலிருந்து கிளம்பினோம். இயர்போன் வயரில் ஒன்று என் காதில், ஒன்று சேசம்மாள் காதில். மகள் போனபிறகு அந்தக் குரலைக் கேட்கவே மாட்டேன் என்றிருந்தவள், கடைசி நாள் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கும்பார்வாடாவில் ஒரு செல்போன் டவருக்குக் கீழே முதல் பேச்சு வந்தது. “ஆலமரத்தின் நிஜலில் நில்லுங்கள்.” நிழல் விழுந்தது. விழுதுகளும் ஆடின. நான் எதையும் கூட்டிச் சொல்லுகிறவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. ஆனால் சேசம்மாளும் விழுது இடிக்காமல் தலையைக் குனிந்துதான் அந்த இடத்தைக் கடந்தாள்.

“மேலே கஜுகு வட்டமிடுவதைப் பாருங்கள்.”

“கஜுகாம்! இதுக்கு ஒங்க மவளுக்கு மைக்கு வேற,” என்றாள் சேசம்மாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள்.

மித்தி ஆற்றங்கரைக்கு வந்தோம். சுவர் இடிந்திருந்த இடம். “இந்த வஜியே இறங்குங்கள். படிகள் வஜுக்கும்.” எங்கே படி? சேறு, அலையாத்திச் செடி, அதற்கப்பால் பிளாஸ்டிக் மூடிய கறுப்புத் தண்ணீர். போன் மேப்பில் கடைசி நிறுத்தத்தின் நீலப்புள்ளி தண்ணீருக்குள் இருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

“வேண்டாங்க. கூப்புடுதா அவ.”

“கூப்ட்டா போவாண்டாமா?”

“நீங்க போனா திரும்ப மாட்டீய. நா போறேன்.”

போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். வயர் இழுபட்டு என் காதிலிருந்து கழன்றது. நானும் பின்னாலேயே ஒரு கால் வைத்தேன்; முழங்கால் வரை சேறு விழுங்கியது. அவளோ புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைக்கிறவளைப் போல நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றாள்.

“வருதா?” என்று கத்தினேன்.

காதில் வயர் மாட்டியவர்கள் பேசுகிற உரத்த குரலில் பதில் வந்தது. “வருது! சத்தம் போடாம நிக்கணுமாம். மூச்சு விட மேல வருமாம்.”

“எது?”

“ஓங்கிலாம், ஆத்து டால்பினு. மீனு மாதிரி. செத்த சும்மா இருங்க, சொல்லிக்கிட்டு இருக்கா பிள்ள.”

காலை உருவ முடியாமல் அப்படியே நின்றேன். பின்னால் லிங்க் ரோட்டில் எப்போதும் ஓயாத வண்டிச் சத்தம்கூட இல்லை. சேசம்மாள் திரும்பாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். அவளுக்கு முன்னால் பிளாஸ்டிக் பைகள் மெல்ல விலகி, வட்டமாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அதன் நடுவிலிருந்து, அடுத்த வாக்கியத்தை வாசிக்கப் போகிறவர்கள் இழுப்பதுபோல, சின்னதாக ஒரு மூச்சு வந்தது.