காற்றுக்கு மறைவான பள்ளம்

எரிமலை வெடித்த மறுநாளே பாதி ஊர் வேடிக்கை பார்க்க மலைக்குப் போய்விட்டது. நெருப்புக் குழம்பு தேவாலயக் கோபுர உயரத்துக்குப் பீச்சியடித்தது. ஒவ்வொரு பீச்சலுக்கும் கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. மீட்புக் குழுவின் ஆரஞ்சுச் சட்டையில் காவல் நின்ற சோல்வேயும் கூடவே கத்தினாள். வேலை என்றாலும் மனசு கேட்க வேண்டுமே!

காலையிலிருந்து தொண்டை வற்ற அவள் சொன்னது இதுதான்: "மேட்டுலயே நில்லுங்க. காத்து முதுகுல அடிக்கணும். பள்ளத்துல மட்டும் இறங்காதீங்க, விஷவாயு அங்கதான் தேங்கும்."

யார் கேட்டார்கள்? ஐஸ்லாந்துக்காரனுக்குக் காற்றுக்கு மறைவாக ஒரு குழி கிடைத்தால் போதும், அங்கேதான் ஃபிளாஸ்கைத் திறப்பான். பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம். அவள் தம்பி ஸ்டெய்னார் வாணலியும் சாசேஜ் இறைச்சியுமாக, நாய் ஸ்குக்கியோடு வந்து சேர்ந்தான். லாவாச் சூட்டில் பொரிக்கப் போகிறானாம்.

"நாயை எதுக்குடா கூட்டிட்டு வந்த? வாயு தரையோட தரையா நிக்கும். முதல்ல அதுக்குத்தான் ஏறும்."

"அந்தச் சட்டையை மாட்டினதுலேர்ந்து நீ அம்மா மாதிரியே பேசறக்கா. சாசேஜ் வேணுமா, வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பிற்பகலில் காற்று சட்டென்று அடங்கியது. குளிர் விட்டதென்று கூட்டம் குதூகலித்தது. காற்று இல்லாவிட்டால் வாயு கலையாதே என்று சோல்வேய் மேட்டு விளிம்புக்கு ஓடினாள். சரிவில் எட்டிப் பார்த்தாள். பாசி படர்ந்த குழியில் ஸ்டெய்னார் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தான். ஸ்குக்கி பக்கத்தில் படுத்திருந்தது. மூக்கருகே சாசேஜ் இருந்தும் தலையைத் தூக்கவில்லை.

"டேய்! எந்திரி! நாயைப் பாரு!"

எழுந்தவனுக்குக் கால் பின்னியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். சோல்வேய் முகமூடியை மாட்டிக்கொண்டு பாய்ந்து இறங்கினாள். மார்பில் தொங்கிய, விஷவாயுவைக் காட்டும் கருவி வீறிட்டது. நாயைத் தோளில் போட்டு, தம்பியைக் காலரோடு பிடித்து, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே மேட்டுக்கு இழுத்து வந்தாள்.

மேலே காற்று மறுபடி கிளம்பியிருந்தது. ஸ்குக்கி இருமியது, வாந்தி எடுத்தது, பிறகு மெல்ல வாலை ஆட்டியது. சோல்வேய் தம்பி முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்து, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். உயிர் திரும்பிய சந்தோஷம் அவளுக்குத் தாளவில்லை.

அப்போது ஃபிளாஸ்கோடு ஒரு குடும்பம் குழியை நோக்கி நடந்தது. ஸ்டெய்னார் பல் கிடுகிடுக்க எழுந்து நின்றான்.

"அய்யோ, அங்க போகாதீங்க! மேல வாங்க! காத்து அடிச்சா அடிக்கட்டும், நல்லாக் குளிரட்டும்!"

"இப்ப யாருடா அம்மா மாதிரி பேசறது?" என்றாள் சோல்வேய்.