இறங்காத முள்

வேலைப் பட்டியலில் எபெர்தோவின் பெயருக்கு நேராக நானே டிக் போட்டு, அவன் முதலெழுத்தையும் எழுதினேன். மரகைபோ ஏரியின் நடுவே நிற்கும் எங்கள் எரிவாயு பிளாட்பாரத்தில் இது எல்லோரும் செய்வதுதான். டீசல் தட்டுப்பாட்டில் ஆட்களை ஏற்றிவரும் இரண்டாவது லாஞ்ச் படகு எப்போதும் தாமதம். முதல் லாஞ்சில் வந்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கும் டிக் போட்டுவிடுவோம். வந்ததும் வேலையை முடித்துவிடுவார்கள். அன்று அவன் வேலை, எரிவாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் இயந்திரத்துக்குள் போகும் வரத்தை அளக்கும் மீட்டரின் குழாயில் தேங்கிய நீரை வடிப்பது. வடிக்காவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். எபெர்தோ என் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் என்னை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். ஏற்கனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

ஏழேகாலுக்கு, எண்ணெயை மேலே தள்ள எங்கள் வாயுவை வாங்கும் எண்ணெய்க் கிணறு ஒன்றைத் திடீரென மூடினார்கள். கண்ட்ரோல் ரூமில் என் கண்ணெதிரே வெளியேறும் அழுத்தம் ஏறத் தொடங்கியது. எதிர் அழுத்தம் ஏறினால் வரத்து குறைந்தாக வேண்டும். ரொம்பக் குறைந்தால், தள்ளிவிட்ட வாயுவே திரும்பி இயந்திரத்தின் மேல் பாயும். அதற்கு முன்னால் ஒரு வால்வு தானாகத் திறந்து, போன வாயுவில் கொஞ்சத்தைச் சுற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். ஆனால் அந்த வால்வும் மீட்டரைத்தான் நம்பியிருக்கிறது. வரத்து முள் அசையவே இல்லை. பதினைந்து வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. கையால் வால்வைத் திறந்தால் ஏன் என்று கேட்பார்கள்; என் டிக்கில் வந்து நிற்கும். இதோ வந்து வடித்துவிடுவான் என்று காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

லாஞ்சிலிருந்து ஏறிய எபெர்தோ ரேடியோவில் கத்தினான்.

"கொமாத்ரே, மிஷின் விக்கித் திணறுது! வால்வத் தொற!"

"மீட்டர் நல்லாத்தான காட்டுது?"

"மீட்டர உடைப்புல போடு! காலுக்குக் கீழ தளமே குதிக்குது!"

திறந்தேன். அதற்குள் மூன்று முறை இடி விழுந்தாற்போல் அதிர்ந்து இயந்திரம் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. அச்சைத் தாங்கும் பேரிங் மட்டும் தூளாகியிருந்தது.

மேலாளர் அர்ஹிமிரோ கரையிலிருந்து வந்தார். பட்டியலைப் பிடித்தபடி மீட்டருக்குக் கீழே நின்றார்.

"வடிச்சாச்சுன்னு போட்டிருக்கு. எங்க, தொற பாப்போம்."

எபெர்தோ வாளியை வைத்துக் குழாயைத் திறந்தான். பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

"இது யாரு எழுத்து?"

எபெர்தோ காகிதத்தைப் பார்த்தான். என் எழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"என்னோடதுதான் பாஸ். வந்ததும் போட்டேன். வடிக்க மறந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். இயந்திரம் ஓயாமல் இரைந்த இடத்தில் அன்று அப்படியொரு அமைதி. முணுமுணுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். வாளி நிரம்பி, தண்ணீர் வழிந்து, அவன் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு என் காலை நோக்கி வந்துகொண்டிருந்தது.