சாயக்கார சிஸ்டர்

நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே காந்தா பெயர் வாங்கிவிட்டாள். நல்ல பெயர் இல்லை. சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்த சிட்டிபாபுவின் நகங்கள் பத்தும் நீலம் பாரித்திருந்தன. ரத்தத்தில் காற்று போதவில்லை, ஆள் போய்விடுவான் என்று பதறி, டாக்டரை வீட்டிலிருந்து அழைக்கும் கால்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்தார்.

சிட்டிபாபு படுத்தபடியே சிரித்தான். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன் அவன். "இது மயில்கழுத்து கலர் சிஸ்டர். என்னா தேய்ச்சாலும் போவாது."

திருமுக்கூடல் பக்கத்து விவசாயி மகளான காந்தாவுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் ஹெட் நர்ஸ் கமலவேணிக்குத் தெரியும். இருபது வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறவள். காந்தா எழுதும்போது பக்கத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே? வேண்டுமென்றேதான் விட்டாள், என்னை விரட்டப் பார்க்கிறாள் என்று காந்தா முடிவுகட்டினாள்.

போதாக்குறைக்கு மறுநாள் கமலவேணியே அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தபா டாக்டர வெட்டியா இட்டாந்தியானா மேட்ரனுக்கு எழுதிடுவேன். இன்னும் உன் வேல நிரந்தரம் ஆவல, நெனப்பு வெச்சிக்கோ."

அன்றிலிருந்து காந்தா யாரையும் நம்பவில்லை. கமலவேணி எடுத்துக் கொடுக்கும் மருந்து பாட்டிலைத் திரும்பி நின்று இரண்டு முறை படித்தாள். வார்டு ஆயா கங்கையம்மாள் "நம்ம சாயக்கார சிஸ்டரு" என்று யாரிடமோ சொன்னதைக் கேட்டபிறகு, எங்கே சிரிப்புச் சத்தம் எழுந்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூட அதில் ஒரு சதி தெரிந்தது. பாவம், அந்த ஊரில் ஆறுதலுக்கு அவளுக்கென்று ஒரு ஆள் இல்லை.

சிட்டிபாபு வந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு மல்லாந்தே கிடந்தான். அன்று பிற்பகல் நாடி பார்க்க அவன் கையைப் பிடித்தாள். தன் மானத்தை வாங்கிய நகங்களாயிற்றே, தினமும் அவற்றை முறைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அதனாலேயே ஒன்று அவளுக்குத் தெரியும். பட்டறைக்குப் போகாத நாட்களில் நகம் வளர்ந்து, தோலை ஒட்டிய அடியில் சாயம் படாத மெல்லிய கோடு ஒன்று வெளியே வந்திருந்தது. நேற்றுவரை அது வெளுப்பாக இருந்தது. இன்று அதுவும் நீலம்.

"மூச்சு எப்டி இருக்குது?"

"கொஞ்சம் இழுக்குது சிஸ்டர். படுத்துக்கினே இருந்தா அப்டித்தானே."

உதட்டையும் நாக்கையும் பார்த்தாள். திருட்டுத்தனமாகப் போட்ட வெற்றிலையில் எல்லாம் சிவப்பு. யாராவது சொல்லிக்கொடுத்து இவன் நடிக்கிறானோ? மறுபடி என்னை மாட்டிவிடுகிறார்களோ? ஒரு கணம் கையை விட்டுவிட்டு நகர்ந்தேவிட்டாள். ஆனால் படுக்கையில் கிடப்பவன் நகத்தில் புதுச் சாயம் எப்படி ஏறும்?

கால்புக்கை எடுத்தாள். கமலவேணி அதன்மேல் கை வைத்தாள். "மறுபடியுமா? அது சாயம்மா."

"அடியில இருக்கறது சாயம் இல்லக்கா. வேல போனா போவட்டும், கைய எடுங்க."

நோட்டைக் கங்கையம்மாள் கொண்டு ஓடினாள். எரிச்சலோடு வந்த டாக்டர், மார்பில் குழலை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். நிமோனியா. இரண்டு பக்கமும் சளி கட்டியிருந்தது. ஆக்சிஜன் வந்தது, பென்சிலின் ஏறியது. மூன்றாம் நாள் அந்தக் கோடு மறுபடி வெளுத்தது.

இந்தப் பெருமையைக் கமலவேணி தன் பேரில் எழுதிக்கொள்வாள் என்றுதான் காந்தா காத்திருந்தாள். கமலவேணி வந்தாள். வேறொன்றைக் கேட்டாள்.

"அந்தக் கோடு எத்தினி நாள்ல தெரியும்?"

"பத்து நாள்ல தெரியும்க்கா. ஏன்?"

கமலவேணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போன ஆடில ராஜவேலுன்னு ஒருத்தர், அவரும் சாயம் போடறவர்தான். இதே கட்டில்ல இருவது நாள் இருந்தாரு. நகம் அடிவரைக்கும் இன்னும் நீலமா இருக்குதேன்னு அவரு சம்சாரம் கேட்டாங்க. சாயம்மா அதுன்னு நான்தான் சொன்னேன். மறுநா போயிட்டாரு."

காந்தாவின் கண் சிட்டிபாபுவின் நகத்துக்குப் போனது.

"மொத தபா நீ டாக்டருக்கு எழுதினப்போ அதான் நான் தடுக்கல. எனக்கும் பயம். வெறும் சாயம்னு ஆனதும் எவ்ளோ நிம்மதியா இருந்துச்சி தெரியுமா? அப்போ அவருக்கும் சாயந்தான்னு நெனச்சிக்கினேன்." குரல் தாழ்ந்தது. "நீ சொல்லு காந்தா. அவருக்கு அது சாயந்தானே?"

இத்தனை நாளும் அவள் சொன்ன ஒரு சொல்லையும் நம்பாமல் சந்தேகப்பட்ட காந்தாவுக்கு, ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிட மனம் துடித்தது. வாய் வரவில்லை.