மெதுவாக இறக்கு

அந்தக் கட்டட வேலையிடத்தில் அவரை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிட்டார்கள். டவர் கிரேன் ஓட்டுபவர். இருப்பது உயரத்தில், உடம்பும் மேகம் மாதிரிப் பெருத்தது. காலையில் அவர் ஏணிக்கூண்டுக்குள் நுழையும்போது கீழே யாராவது ஒருவன், "மேகம் ஏறுதுடோய், இன்னிக்கு வெயில் கிடையாது" என்பான். அவரும் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

ஒவ்வொரு தட்டிலும் நின்று, கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, நெஞ்சு அடங்கக் காத்திருந்து, பிறகுதான் அடுத்த தட்டு. கூண்டின் வளையங்கள் இரண்டு தோளையும் உரசும். அவருடைய சட்டைகளெல்லாம் தோளில்தான் முதலில் கிழிந்தன. மேலே போய்விட்டால் சாயங்காலம்வரை இறங்க மாட்டார். சாப்பாடு கயிற்று வாளியில் ஏறி வரும். கேபின் இருக்கையின் கைப்பிடிகள் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். கண்ணாடித் தரைக்குக் கீழே மனிதர்கள் தெரிய மாட்டார்கள். தலைக்கவசங்கள்தான் தெரியும். மஞ்சள், வெள்ளை, பச்சை.

கீழேயிருந்து அவருக்கு வழி சொல்பவன் சிக்னல்காரன். தொங்கும் சுமையை எங்கே எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று வாக்கிடாக்கியில் சொல்வது அவன் வேலை. ஏத்து, நிறுத்து, எறக்கு, மெதுவா. நாள் முழுக்க இந்த நாலு வார்த்தை போதும். அவன் நாலாயிரம் பேசினான். அதனால் அவன் பெயர் ரேடியோ.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"நேத்து எங்க மாமியார் சொல்லுது, மாப்ள, உங்க வாய்க்கு ஒரு சுவிட்ச் இருந்தா என் பொண்ணு நிம்மதியா இருப்பான்னு. நான் என்ன சொல்லியிருப்பேன்? சொல்லுங்கண்ணே, பாப்போம்."

"என்னத்த சொன்ன?"

"சுவிட்ச் இருக்கு அத்தே, அது உங்க பொண்ணு கையிலதான் இருக்கு, அவதான் அணைக்க மாட்டேங்கறான்னேன். எறக்குங்க, எறக்குங்க, போதும்."

வெட்டிப் பேச்சு என்று மற்றவர்கள் எரிச்சல்பட்டார்கள். அவன் எதற்காகப் பேசுகிறான் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சில மாதங்களுக்கு முன்பு, புழுக்கமான ஒரு மதியம், மேகம் ஒரு கம்பிக்கட்டைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. தூக்கம் வந்தால் தெரியும். இது யாரோ அறையின் விளக்கை அணைத்த மாதிரி. லீவரிலிருந்து கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும். ஓட்டுபவன் மயங்கினாலும் ஆபத்து வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய கை நழுவவில்லை. கையின் கனம் லீவர் மேலேயே கிடந்தது. கம்பிக்கட்டு போய்க்கொண்டே இருந்தது. ரேடியோ போட்ட கூச்சலில் கண் திறந்தபோது, குனிந்து வேலை செய்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தின் தலைக்கு மேலே அது ஆடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி வந்து என்ன என்று கேட்டதற்கு ரேடியோ, "காத்து" என்று சொல்லிவிட்டான். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பேச்சு.

மேகம் சும்மா இருந்துவிடவில்லை. உடம்பின் கனம்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துப் பகலில் கண்ணை அடைக்கிறது என்று அவருக்குத் தெரியும். பட்டினி கிடந்தார், நடந்தார், பொடி கலக்கிக் குடித்தார். எடை போகும். போன வேகத்தில் ஒரு கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு திரும்பி வரும். கடைசியில் யாருக்கும் சொல்லாமல் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டரம்மா சுற்றி வளைக்காதவர். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிடுவேன் என்று, பழைய சட்டையை அளவு குறைத்துத் தைப்பதுபோலச் சொன்னார்.

"தூக்கம் எப்படி?"

"கட்டையைப் போட்ட மாதிரி தூங்குவேன்."

பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தூக்கத்தில் மூச்சு நின்று போகிறது என்று எழுத்தில் ஏறிவிட்டால் கிரேன் உரிமம் போய்விடும்.

"அடுத்த தடவை துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அறுத்ததுக்கு அப்புறம்தான் கஷ்டமே. கூட யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். தனியா வந்தா நான் கத்தியைத் தொட மாட்டேன்."

ஊருக்கெல்லாம் சுமை தூக்குகிறவருக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அவருடைய மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். விடுமுறை நாளில் மதியம் அவர் நாற்காலியில் சாய்ந்தால், குறட்டை அவளுக்குப் பழகிய சத்தம்தான். குறட்டை நின்றால்தான் பயம். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது எழும்பாவிட்டால் நாற்காலிக் காலை உதைப்பாள். அப்படிப்பட்டவள் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கப்பாவும் சின்ன ஆபரேஷன்னுதான் போனாரு. பையில மாத்துத்துணி மடிச்சு வெச்சு அனுப்புனேன். துணி மட்டும் திரும்பி வந்துச்சு."

"அது வேற, இது வேறம்மா."

"எல்லாம் ஒரே கத்திதான். என்னை அங்க வந்து உக்காரச் சொல்லாதீங்க." பேசிக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்து அவர் தட்டில் போட்டாள். அதைப் போட்டது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கேபினிலிருந்து, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறாயா என்று ரேடியோவிடம் கேட்டார்.

"எதுக்குண்ணே வீணா கத்தி கித்தின்னு? நான்தான் பேசிட்டே இருக்கேன்ல? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அண்ணி என் சட்டையைத்தான் பிடிப்பாங்க. நீங்க மேல இருங்க, நான் கீழ இருக்கேன். என் வாய் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் வராது."

அதைக் கேட்டதும் மேகத்துக்கு மனம் லேசாகிவிட்டது. அதுதான் தப்பு. ஆஸ்பத்திரி, தேதி, டாக்டரம்மா எல்லாம் மெல்ல மெல்லத் தள்ளிப்போயின. ஒரு மனிதனின் தொண்டையில் அத்தனை தலைகளையும் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, இரண்டு பேரும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், ஒருநாள் காலையில் வாக்கிடாக்கியைப் போட்டதும் மணலைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"தொண்டை... போச்சுண்ணே."

"என்னடா ஆச்சு?"

"பட்டனை... ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டுன்னா ஏத்து. மூணு எறக்கு."

அதற்கு மேல் காற்றுதான் வந்தது. மேஸ்திரியிடம் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வேறு ஆள் நாலு வார்த்தைதான் பேசுவான். அதனால் இரண்டு பேரும் சொல்லவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்யவுமில்லை, விடவுமில்லை. கேபின் கண்ணாடியில் அவர் மூச்சே படிந்து கீழே மங்கலாகத் தெரிந்தது. டக். டக் டக். மற்றபடி அமைதி. அவ்வளவு அமைதியை அவர் அந்த உயரத்தில் அதற்குமுன் கேட்டதில்லை. கன்னத்தின் உட்சதையைக் கடித்தார். தொடையைக் கிள்ளினார். பிறகு இரண்டு குரலையும் தானே பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

சுவருக்கான பெரிய இரும்புச் சட்டம் ஒன்று கொக்கியில் தொங்கியது. இரண்டு தட்டு. ஏற்றினார். திருப்பினார்.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

டக்டக்டக்டக்டக்டக்.

எவ்வளவு நேரம் அப்படித் தட்டிக்கொண்டிருந்தானோ தெரியாது. கண்ணைத் திறந்தபோது சட்டம் வைக்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. கையைப் பிடுங்கினார். கிரேன் நின்றது, சட்டம் நிற்கவில்லை. அது தன் கனத்தில் முன்னும் பின்னும் ஆடியது. அதற்கு நேர் கீழே ஒரு மஞ்சள் தலைக்கவசம். தள்ளி, வெட்டவெளியில் ரேடியோ நின்றிருந்தான். வாக்கியைத் தூக்கி எறிந்திருந்தான். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை மண்ணைப் பார்க்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டிருந்தான். வாக்கி இல்லாத காலத்துச் சைகை அது. நிறுத்து.

மஞ்சள் தலைக்கவசக்காரன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்து, மூடியைத் திருகி, நிதானமாக நகர்ந்து போனான். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மேகம் சட்டத்தைத் தரையில் வைத்தார். எல்லாவற்றையும் அணைத்தார். ஏணியில் இறங்கினார். நட்ட நடுப்பகலில் மேகம் இறங்குவதைப் பார்த்து யாரும் கேலி செய்யவில்லை. நேராக மேஸ்திரியின் தகரக் கொட்டகைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

மேஸ்திரி பின்னால் நின்ற ரேடியோவைப் பார்த்தார். "அப்போ அன்னிக்கு அடிச்ச காத்து?"

ரேடியோ தரையைப் பார்த்தான்.

"வாயைத் தொறடா. இத்தன நாளா மூடாத வாய்தானே?"

"அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றார் மேகம்.

"நல்ல கூட்டுக் களவாணிங்கடா நீங்க. ஒருத்தன் தூங்குவான், ஒருத்தன் தாலாட்டுப் பாடுவான். நடுவுல எத்தன பேர் குடும்பம் தொங்குது?" அவர் குரல் இறங்கியது. "போ. உடம்பைச் சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் ஸ்டோர்ல ஸ்பேனர் எடுத்துக் குடு. அந்த ஏணிப் பக்கம் உன்னைப் பாத்தேன், போலீசைக் கூப்பிடுவேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவர் யாரு? தம்பியா?"

"கூட வேலை பாக்கிறவன்."

"நீங்க இவருக்குத் துணையா இருப்பீங்களா?"

ரேடியோ தலையை ஆட்டினான்.

"பேச மாட்டாரா?"

"பேசிப் பேசித்தான் இப்படி ஆயிட்டான், மேடம்."

டாக்டரம்மா பழைய கேள்விகளை மறுபடி ஆரம்பித்தார். சர்க்கரை? ரத்த அழுத்தம்? தூக்கம்?

"கட்டையைப் போட்ட..." என்று மேகத்தின் வாய் தன் பாட்டுக்குத் தொடங்கியது. உரிமத்துக்காகச் சொன்ன பொய். உரிமத்துக்கு வந்த கேடு ஏற்கெனவே வந்துவிட்டது, வாய்க்கு மட்டும் அது தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கை கீழே பார்க்க, மேசைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "என்ன அது?"

மேகம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்துன்னு சொல்றான்." பிறகு சொன்னார். நாற்காலி உதையிலிருந்து, தண்ணீர் குடித்தவன்வரை.

"இது தெரியாம நான் உங்களுக்கு மயக்க மருந்து குடுக்கச் சொல்லியிருந்தா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டார். முதலில் தூக்கத்தைச் சோதிக்க வேண்டும், முகமூடி மாட்டி மூச்சு கொடுக்கும் இயந்திரத்தோடு கொஞ்ச நாள் தூங்கிப் பழக வேண்டும், அப்புறம்தான் கத்தி என்றார். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

"எனக்குத் தூக்கம்தான் மேடம் பயம். அதையே ஊசியில ஏத்தப் போறீங்க."

"ஆமா. ஆனா அந்தத் தூக்கத்துல உங்க மூச்சைப் பாத்துக்க ஒருத்தர் பக்கத்துலயே இருப்பாரு. இப்ப அப்படி யாரு இருக்கா?"

மேகம் ரேடியோவைப் பார்த்தார். "எடுங்க பேப்பரை" என்றார்.

கையெழுத்துப் போட்டதை வீட்டில் சொன்னபோது மனைவி பதில் பேசவில்லை. வந்த இயந்திரத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். முகமூடிக் குழாயைக் கழுவிக் காயப்போட்டாள். தட்டில் இன்னொரு கரண்டி விழுவது நின்றது.

அறுவைச் சிகிச்சை நாளன்று அவரைத் தள்ளுவண்டியில் கிடத்தித் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். உள்ளே இன்னும் தயாராகவில்லை. நர்ஸ் அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி ரேடியோவிடம் கொடுத்தாள். சுவர், விளக்கு, மனிதர்கள் எல்லாம் கரைந்துபோயின. வேலையிடத்தில் மேகம் கீழே பார்ப்பார், இங்கே எல்லோரும் அவரைக் குனிந்து பார்த்தார்கள்.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு உருவம் வந்தது. நடையை வைத்தே யாரென்று தெரிந்தது. நெருங்கியதும் கஞ்சி போட்ட துணியின் மணம்.

"வர மாட்டேன்னியே?"

"மாத்துத்துணி எடுத்துட்டு வரல" என்றாள் மனைவி. "வேணும்னா நீங்களே எந்திரிச்சு வீட்டுக்கு வந்து எடுத்துக்குங்க."

ரேடியோவுக்குக் குரல் திரும்பியிருந்தது. இருந்தும் அவன் பேசவில்லை. ஒரு கையின் சுட்டுவிரலைக் கீழே நீட்டி வட்டமாகச் சுற்றினான். இன்னொரு உள்ளங்கையை அதற்கு மேலே அசையாமல் பிடித்திருந்தான்.

"இது என்ன கூத்து?" என்று அவள் கேட்டாள்.

"மெதுவா எறக்குன்னு அர்த்தம், அண்ணி" என்றான் ரேடியோ.

அவள் தன் விரலையும் அதே மாதிரி சுற்றிப் பார்த்தாள். "ஏத்தறதுக்கு?"

"அதே விரல்தான். மேல காட்டணும்."

கதவு திறந்தது. வண்டி நகர்ந்தது. மேகம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கதவு தானாக மூடிக்கொள்ளத் தொடங்கியது. அதன் இடைவெளியில் இரண்டு நிழல்கள். அதில் புடவை கட்டிய குட்டையான நிழல் கையை உயர்த்தியிருந்தது, விரல் சுற்றிக்கொண்டிருந்தது. விரல் மேலே காட்டுகிறதா கீழே காட்டுகிறதா என்று, கண்ணாடி இல்லாமல், அவருக்குத் தெரியவில்லை.