சாமானில் ஒரு கிட்டார்

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முதலில் வந்து சேர்வது மாப்பிள்ளை இல்லை, சாமான். குழிபிறையில் எங்கள் வீட்டுப் பெரிய கூடமான பட்டாலை ஒரு மாதமாகப் பாத்திரக்கடையாகக் கிடந்தது. பெரிய அண்டா, அதற்குள் அடங்கும் அண்டா, அதற்குள்ளும் அடங்கும் அண்டா. பெங்களூரில் ஃபிளாட்டில் குடித்தனம் போகிறவளுக்கு ஊரையே உட்காரவைத்துச் சோறு போடுகிற வெங்கலப் பானை எதற்கு என்று ஆத்தாவிடம் கேட்டேன். "கேக்குறா பாரு கேள்வி" என்று சொல்லிவிட்டு ஆத்தா அடுத்த பானையைத் துடைக்கப் போய்விட்டாள்.

நானும் விட்டுவிட்டேன். முப்பத்துமூன்று வயதில் கழுத்தை நீட்டுகிறவள் அதிகம் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வயசாச்சு என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. "விசாலி, நீ கல்யாணத்துக்குச் சம்மதிச்சதே களைப்புலதான்" என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மாப்பிள்ளை கணபதி நல்ல மனுஷர் என்பது மீதிக் கால்வாசி.

ஆனால் ஒன்றை மட்டும் விடுவதாக இல்லை. நான் கிட்டார் வாசிப்பேன். அதுவும் ஹெவி மெட்டல். இதைச் சொன்னால் எல்லோரும் உடனே "சினிமாப் பாட்டெல்லாம் வாசிப்பியா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். மாட்டேன். நான் வாசிப்பது தாலாட்டு இல்லை, இடி. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். ஒருத்தன் கனடா போனான். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. டிரம்ஸ் வாசித்தவனுக்கு முதுகுவலி வந்து டாக்டர் உட்காரவே கூடாது என்றுவிட்டார். பேண்ட் என்று ஒன்று இருந்ததற்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுதான் சாட்சி, அதிலும் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வருகிறது. இத்தனை வருஷமும் நான் வாசித்தது இரவல் கிட்டார்கள். எனக்கென்று ஒன்று வாங்கவே இல்லை. எல்லாவற்றையும் கல்யாணம் ஆகட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிவைத்த வீட்டில் அதுவும் தள்ளிப்போனது.

கணபதியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லங்க. அம்மா கூட இருப்பாங்க, அவங்களுக்குத்தான்..." என்று இழுத்தார். அந்த இழுப்பு எனக்குப் பழக்கம். ஆபீசில் எனக்கு லீவு இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள்.

அப்போதுதான் எனக்குச் சாமான் ஞாபகம் வந்தது. எங்களில் ஒரு வழக்கம். சாமானில் வந்தது பெண்ணின் பொருள். மாமியார் வீட்டில் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள், இது எதற்கு என்று கேட்கவும் மாட்டார்கள். நானே சம்பளத்தில் கிட்டார் வாங்கிக்கொண்டு போனால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கை நிறுத்தச் சொல்லலாம். சாமானில் வைத்துக் கொடுத்தால் அண்டாவுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை கிட்டாருக்கும் உண்டு. என் வாசிப்பு பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் அது அண்டாவோடு அண்டாவாகப் போவதுதான் வழி.

"சாமான்ல ஒரு கிட்டார் வைக்கணும் அப்பச்சி" என்றேன்.

அப்பச்சி என்றால் எங்களில் அப்பா. பெயர் குமரப்பன். அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "வைப்போம்" என்றார். உள்ளேயிருந்து ஆத்தா ஏதோ ஒரு மூடியை வேண்டுமென்றே கீழே போட்ட சத்தம் கேட்டது.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஜெபக்குமார் என்பவர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கோயில் பாடற்குழுக்களுக்குக் கீபோர்டும், பள்ளிக்கூடங்களுக்குப் பேண்டு வாத்தியமும்தான் அவருக்கு வியாபாரம். ஆத்தாவோடும் அப்பச்சியோடும் அங்கே போனேன். முன்பே நான் போனில் சொல்லியிருந்ததால் அவர் வெளியிலிருந்து இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார் வரவழைத்து வைத்திருந்தார். ஒன்று வெள்ளை. ஒன்று கருப்பு.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கருப்பில் ஒரே ஒரு பிக்கப், பருமனானது, மேலே வெள்ளி நிறத்தில் தகட்டு மூடி. கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தக் கட்டைதான் பிக்கப். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மெட்டலுக்கு அது பருமனாக இருந்தால்தான் சத்தத்தை எவ்வளவு முறுக்கினாலும் இரையாமல் நிற்கும். கழுத்து நீளம். கம்பியை எவ்வளவு தளர்த்தினாலும் தொளதொளக்காது. வெள்ளையில் மூன்று சின்னப் பிக்கப்புகள். அழகான கிட்டார்தான், இனிமையான பாட்டுக்கு. ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் முறுக்கினால் கொசுப்படை வந்த மாதிரி இரையும்.

கருப்பை மடியில் வைத்து ஒருமுறை வாசித்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் பந்தல் சாமான் ஏற்றிவந்த லாரி விராலிமலையில் படுத்துவிட்டது என்று அப்பச்சிக்குப் போன் வந்து, அவர் தெருவுக்குப் போய்விட்டார். கண்ணாடி அலமாரியில் புல்லாங்குழல்கள் எல்லாம் நடுங்கின. ஆத்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, ரைஸ் மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு!"

"இப்படித்தான் இருக்கணும் ஆத்தா."

"இருந்துட்டுப் போகட்டும். கருப்புக் கூடாது. மங்கள காரியத்துல கருப்பைக் கொண்டாந்து நடுவுல வைப்பாகளா? அந்த வெள்ளையப் பாரு, லெச்சணமா இருக்கு. அதுல அது மூணு இருக்கு, இதுல ஒண்ணுதான் இருக்கு. ஒத்தையா உள்ளத யாராவது வாங்குவாகளா?"

ஜெபக்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கருப்புதான் அக்கா கேட்ட வேலைக்கு ஆகும்மா" என்றார். ஆத்தா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ரசீது எதையோ தேடப் போய்விட்டார்.

சண்டை போட்டிருக்கலாம். இருபது வயதில் போட்டிருப்பேன். புடவை நிறத்துக்கு, அழைப்பிதழில் என் வேலையைப் போடுவதற்கு, மண்டபமா வீடா என்பதற்கு என்று ஏற்கெனவே போட்டாயிற்று. உடம்பில் பலம் இல்லை. "சரி, வெள்ளையவே வாங்குங்க" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டே அப்பச்சி உள்ளே வந்து, வெள்ளையையும் என் மடியில் இருந்த கருப்பையும் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நான் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். புதுக்கோட்டை தாண்டும்போது எனக்கு அழுகை வந்தது. ஒரு கிட்டாருக்கா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாமானைப் பரப்பி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மதியம் பார்க்க வருவார்கள். காலையில் எண்ணெய்த் தலையோடு பட்டாலைக்குப் போனேன். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவில், பட்டுத் துண்டு விரித்து, கருப்புக் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கருப்புக்குப் பரிகாரமாக ஆத்தா அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, உடம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். பக்கத்தில் சின்ன ஆம்ப்ளிஃபயர். அதற்கும் ஒரு பொட்டு.

அப்பச்சி தூணோரம் நின்றுகொண்டிருந்தார். "வெள்ளைய வேணும்னு வாயால சொன்ன. ஆனா கருப்ப மடியிலேருந்து எறக்கவே இல்ல" என்றார். "ஒங்காத்தா எங்கிட்டப் பேசி ரெண்டு வாரம் ஆகுது. அத விடு. இங்கிட்டு வந்து பாரு."

குனிந்து பார்த்தேன். வெள்ளி நிறப் பிக்கப் மூடியின்மேல், பாத்திரத்தில் வெட்டுகிற அதே புள்ளிப் புள்ளி எழுத்தில், விசாலி என்று பேர் வெட்டியிருந்தது.

சாமான் என்றால் பேர் வெட்டாமல் அனுப்ப மாட்டார்கள். வீரய்யா என்பவர் மெஷினோடு வீட்டுக்கே வந்து உட்கார்ந்து கரண்டிவரைக்கும் வெட்டித் தருவார். எல்லாவற்றிலும் அப்பச்சியின் பெயரும் ஊரும்தான் இருக்கும், கொடுத்தவர் பேர். என் அக்கா கல்யாணத்திலும் அப்படித்தான்.

"மரத்துல வெட்டுனா எடுப்பா இருக்காதுன்னாரு. அதான் தகட்டுல வெட்டச் சொன்னேன்" என்றார் அப்பச்சி. "இதுல எம்பேரு எதுக்கு? நானா வாசிக்கப் போறேன்? ஒம்பேரு மட்டும் போதும்னுட்டேன்."

அவரைப் பந்தலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் ஒயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். விளக்கு எரிந்தது. கம்பியைத் தட்டினேன். சத்தம் இல்லை. ஒயரை மாற்றிச் செருகினேன், கூட்டினேன், முறுக்கினேன். ஆம்ப்ளிஃபயர் உஸ் என்று மூச்சு மட்டும் விட்டது. ஜெபக்குமாருக்குப் போன் போட்டேன்.

"பேர் வெட்டுற மெஷினா? ஐயோ அக்கா!" என்றார். "அது டர்ருன்னு அதிரும்ல, உள்ள சுத்துன கம்பி அறுந்திருக்கும். கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிரலாம், ஒண்ணும் பெரிய வேலையில்ல."

"மூடிய மட்டும் வச்சுக்கிட்டு?"

"அது ஒட்டுனதுக்கா. நெம்புனா தகடு மடங்கிரும், எழுத்து போயிரும். எதுக்கு அது? புதுசு நல்லா பளபளன்னு வரும்."

போனை வைத்துவிட்டு அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. யார்மேல் என்று தெரியாத கோபம். வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு கிட்டார் கிடைத்து, அதையும் பாசத்தாலேயே கொன்று கையில் கொடுத்திருக்கிறார்கள். கையை ஓங்கி அந்த வெங்கலப் பானையில் ஒரு குத்து விட்டேன். அது மட்டும் ஜோராகச் சத்தம் போட்டது.

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கணபதியின் அம்மா பிரகதாம்பாள் ஆச்சி, எனக்கு இனி அத்தை, வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளி, சரி. பித்தளை, சரி. கண்ணாலேயே எடை போடுகிறவர். கிட்டார் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஆத்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட வந்தவர்களில் ஒருத்தி, "இதெல்லாமா சாமான்ல வைக்கிறாக?" என்று முணுமுணுத்தாள்.

அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். தகட்டின்மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல வாசித்தார்.

"மத்ததுல எல்லாம் ஒங்க அப்பச்சி பேரு இருக்கு. இதுல ஒம்பேரு இருக்கு."

"அப்பச்சிதான் வெட்டச் சொன்னாங்க அத்தை."

அத்தை தகட்டிலிருந்து விரலை எடுத்தார். பிறகு முணுமுணுத்தவள் பக்கம் திரும்பி, "பேரு வெட்டி வச்சிருக்காக. அப்பறம் அதுல நாம பேச என்ன இருக்கு?" என்றார். என்னிடம், "கணபதி சொன்னான், நீ சத்தமா வாசிப்பேன்னு. நான் மத்தியானம் கொஞ்சம் தூங்குவேன். அந்த நேரம் மட்டும் விட்டுரு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

எத்தனை நாள் கவலைப்பட்டேன். எந்த வெட்டு அதன் சத்தத்தை அடக்கியதோ, அதுவே அதற்கு வீட்டுக்குள் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டது. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது.

அவர்கள் போனபிறகு அப்பச்சி வந்தார். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? ஒரு வார்த்த பேசல" என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்து வைத்த அண்டாமேல் உட்கார்ந்தார். "அன்னைக்கிக் கடையில லாரிக்காரன் கெடுத்துட்டான். நான் நீ வாசிச்சு ஒருநாளும் கேட்டதில்ல. எனக்கு ஒண்ணு வாசி."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கச்சேரிக்கு உட்கார்ந்தவர் மாதிரி தயாராக இருந்தார். ஒயரைத் தொடவில்லை நான். கிட்டாரை மடியில் வைத்து, எங்கள் பேண்டில் எல்லோரையும் எழுப்பிவிடுகிற அந்தப் பாட்டை வேகமாக வாசித்தேன். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் எவ்வளவு கத்திவிடும்? டிக்டிக்கென்று கம்பிகள் முனகின. அப்பச்சிக்குக் கேட்கவில்லை. அண்டாவை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். இன்னும் குனிந்தார். கடைசியில் அவர் காது என் கைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. முடியும்வரை அசையாமல் கேட்டார்.

"இதுக்கா ஒங்காத்தா காதைப் பொத்துனா?" என்றார்.

"ஆமா அப்பச்சி" என்றேன். "இதுக்குத்தான்."