சரிங்க சாரின் ஒரே மாணவி

அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் எனக்கு முப்பத்தொன்று. படிக்காமல் இல்லை, படித்தேன். மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது, காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கட்டைவிரலை நீட்டிப் பார்க்கிற விதி ஒன்று உண்டு. என் கட்டைவிரல் காலையில் ஒரு பக்கம் காட்டும், மத்தியானம் வேறு பக்கம் காட்டும். தேர்வு அறையில் விரலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்ததில் மேற்பார்வைக்கு வந்தவர் யாருக்கோ சைகை காட்டுகிறேன் என்று என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

எனக்கு வேண்டியது நர்சிங் கல்லூரியில் ஒரு இடம். அம்மா பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். பதினெட்டு வருஷமாக நர்சுகளின் சீருடைக்கு இஸ்திரி போடுகிறாள். விடுமுறை நாட்களில் அழுக்குத்துணி மூட்டைமேல் உட்கார்ந்து நர்சுகள் போகிறதையும் வருகிறதையும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சீருடையை நானும் போட வேண்டும் என்று பத்து வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். சேவை மனப்பான்மை, அது இது என்று கதை விட மாட்டேன். அந்தக் கட்டடத்தில் டாக்டர்களையே அதட்டுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கல்லூரி கேட்டது ஐந்து பாடங்களில் சராசரி அறுபது. மற்ற நாலும் எப்படியும் கைகொடுக்கும். ஐந்தாவதில் ஐம்பத்தைந்து வந்தால் போதும். இயற்பியலில் ஐம்பத்தைந்து என்பது எனக்கு அடுத்த பிறவியில் நடக்கக்கூடிய விஷயம்.

வழி சொன்னது பள்ளி அலுவலக கிளார்க். ஐந்தாவது பாடம் இயற்பியலாக இருக்கலாம், உடற்கல்வியாகவும் இருக்கலாம் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறதாம். அரையாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் மாறிக்கொள்ளலாம். இதுவரை யாரும் மாறியதில்லை. ‘ஓடிப் பாஸானவள்’ என்ற பேரை யார் வாங்கிக்கொள்வார்கள்? எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. வீட்டில் அம்மாதான் சிரித்துச் சிரித்து இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு வீட்டில் ‘அம்மி’ என்றுதான் பேர்.

படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். இயற்பியல் டீச்சர் நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டாவது கையெழுத்து பி.டி. சாருடையது. பள்ளிக்கூடம் முழுவதும் அவரை ‘சரிங்க சார்’ என்றுதான் கூப்பிடும். யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்பார். தாமதமாக வருகிறவர்களை நிறுத்தி வைப்பது, மேடைக்கு நாற்காலி போடுவது, தலைமை ஆசிரியையின் கார் பஞ்சர் ஆனால் தள்ளுவது எல்லாம் அவர்தான். காற்றுப்போன பந்துகளுக்கும் கால் உடைந்த பெஞ்சுகளுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். படிவத்தை இரண்டு முறை படித்தார். அவர் பாடத்தில் தேர்வு எழுத ஒரு ஆள் வந்திருப்பது புரிந்ததும் பேனாவைத் தேடினார். பேனாவே இல்லை. என்னுடையதைத்தான் கொடுத்தேன்.

வாரத்துக்கு ஐந்து பி.டி. பீரியட். கால அட்டவணையில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் அந்த ஐந்தையும் யார் எடுப்பார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். மாறுகிற அவசரத்தில் எனக்குத்தான் அது மறந்துபோனது. முதல் நாள் புது நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், இயற்பியல் டீச்சர் உள்ளே வருகிறார். பாடம் நிறைய பாக்கியாம், இந்த ஒரு பீரியட் மட்டும் கடன் வேண்டுமாம். சரிங்க என்று சொல்லிவிட்டு சார் நாற்காலி தூக்கப் போய்விட்டார். நான் எந்தப் பாடத்திடமிருந்து தப்பி ஓடினேனோ அதே பாடத்தில், கடைசி பெஞ்சில், அதே கட்டைவிரலோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து வாரம் இப்படியே போனது.

உடற்கல்விப் புத்தகத்தை நானாகப் படித்தேன். ஈஸி என்று சொன்னவன் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டான். உடம்பில் எலும்பே இருநூற்றாறு. தசைகள் அதற்கும் மேல். இது போதாதென்று ஆடுகள அளவுகள், முதலுதவி. மாதிரித் தேர்வில் என் விடைத்தாளை சாரே திருத்தினார். இருபத்திரண்டு போட்டிருந்தார். மேஜைமேல் அதை வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை.

"இயற்பியல்ல எனக்கு முப்பத்தொண்ணு சார். ஈஸியா இருக்கும்னு உங்ககிட்ட வந்தேன். இருபத்திரெண்டு."

"நான் என்னம்மா பண்றது? வந்து கேக்குறாங்க. எப்படிக் குடுக்காம இருக்கிறது?"

"முடியாதுன்னு சொல்லணும் சார். அவங்களுக்கு நீங்க பீரியடத்தான் குடுக்குறீங்க. போறது என்னோட காலேஜ் சீட்டு."

சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது. ஒரு ஆசிரியரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். அம்மாவிடம் இருபத்திரண்டு என்று எப்படிச் சொல்வது என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

மறுநாள் மூன்றாவது பீரியட். இயற்பியல் டீச்சர் வழக்கம்போல் வந்தார், கேட்கும்போதே புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டார். வாசலில் நின்ற சார் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"இல்ல டீச்சர்," என்றார். "எனக்குக் கிளாஸ் இருக்கு."

எந்தக் கிளாஸ் என்று நாற்பது பேரும் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்திக்காகவா என்று டீச்சர் கேட்டார். ஆமாம், ஒருத்திதான், நீங்கள் இவர்களுக்கு நடத்துங்கள், நாங்கள் மைதானத்துக்குப் போகிறோம் என்றார் சார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடப்பதுபோல் கால் பின்னியது.

மைதானத்தில் அவர் முதலில் வரிசையில் நில் என்றார். நின்றேன், நான் ஒருத்தி வரிசையாக. பிறகு வருகைப்பதிவு எடுத்தார். வகுப்பு நடத்தியே பல வருஷமாகிவிட்டதால் அடுத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து இருவரும் சேர்ந்து படித்தோம். தொடை எலும்பு எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு முழு பீரியட் சண்டை போட்டோம். வகுப்பு ஜன்னல்களில் எப்போதும் நாலைந்து தலைகள் தெரியும்.

எழுத்துப் பாடம் மெல்ல வசப்பட்டது. உடம்புதான் வழிக்கு வரவில்லை. செய்முறைத் தேர்வில் மைதானத்தை மூன்று சுற்று, அறுநூறு மீட்டர், மூன்றரை நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். தாண்டினால் செய்முறையில் தோல்வி, அதில் தோற்றால் பாடமே தோல்வி. ஒரே நாளில் இரண்டு வாய்ப்பு தருவார்கள். நான் முதலில் ஓடியபோது ஐந்தே கால் நிமிஷம். தேர்வுக்கு முந்தின வாரம் மூன்று நாற்பது. ஒரே ஒரு தடவை மூன்று இருபத்தொன்பது வந்தது, அன்றைக்கு ஒரு நாய் துரத்தியது. தேர்வுக்கு நாயைக் கூட்டி வரலாமா என்று சாரிடம் கேட்டேன். அவர் விதிப்புத்தகத்தை நிஜமாகவே புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் சொல்லவில்லையே என்று கவலைப்பட்டார்.

செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்தவர் பருத்த மனிதர். கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை. வெயிலைப் பார்த்ததும் மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து, நிறுத்துக்கடிகாரத்தை சாரிடம் நீட்டினார். நேரத்தை நீங்களே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

எனக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது. கடிகாரம் இருப்பது சரிங்க சார் கையில். இனி என்ன கவலை? முதல் இரண்டு சுற்று ஒழுங்காகத்தான் ஓடினேன். மூன்றாவதில் மூச்சு வாங்கியது, கொஞ்சம் மெதுவாகப் போனால்தான் என்ன என்று தோன்றியது. கோட்டைத் தாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு முப்பத்திமூணும்மா."

மரத்தடிக்குக் கேட்காமல் சொன்னேன், "மூணு செகண்டுதானே சார். முப்பதுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"இல்லம்மா. முடியாது."

அதைச் சொல்லச் சொல்லிக் கொடுத்ததே நான். திரும்பி, மூன்று முப்பத்திமூன்று என்று மரத்தடிக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். பருத்தவர் எழுதிக்கொண்டார்.

இருபது நிமிஷம் ஓய்வு கொடுத்தார்கள். நான் சாரின் முகத்தையே பார்க்கவில்லை. இந்த மனிதர் கார் தள்ளச் சொன்னால் தள்ளுவார், நாற்காலி தூக்கச் சொன்னால் தூக்குவார், என் ஒருத்திக்கு மூன்று செகண்டு விட்டுத்தர மாட்டாராம். பதினெட்டு வருஷம் நீராவியில் வெந்த அம்மாவின் கையை நினைத்துக்கொண்டேன். விசில் ஊதியதும் கிளம்பினேன். ஒவ்வொரு வளைவிலும் அவரைத் திட்டினேன், இங்கே எழுத முடியாத வார்த்தைகள். மூன்றாவது சுற்றில் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கோட்டைத் தாண்டி விழுந்தேன். சார் என்னிடம் வரவில்லை. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார், பருத்தவரைக் கண்ணாடி போடச் சொல்லி அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தார். மூன்று இருபத்தேழு. அவர் எழுதி முடித்த பிறகுதான் சார் என் பக்கம் திரும்பினார். அழுதுகொண்டிருந்தார்.

உடற்கல்வியில் அறுபத்திரண்டு வந்தது. நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. மதிப்பெண் பட்டியலைக் காட்ட அவர் அறைக்குப் போனபோது, பல நாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இரண்டாவது தடவையும் மூன்று முப்பத்திமூன்று வந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

"மூணு முப்பத்திமூணுன்னுதாம்மா சொல்லியிருப்பேன்," என்றார். பட்டியலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்புறம் உங்க அம்மாகிட்ட வந்து நான்தான் சொல்லியிருப்பேன். உன்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அவர் சொன்னபடியே செய்திருப்பார் என்று நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை.