சிட்டிபாபு சாகக் கூடாது

என் கணவர் ஜெயகிருஷ்ணன் அரசியலுக்கு வந்ததற்குக் காரணம் மக்கள் சேவை என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். சுத்தப் பொய். கேட்டில் சல்யூட் அடிக்க ஆளில்லாமல் போனதுதான் காரணம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் வைஸ் பிரசிடெண்டாக இருந்தவர். புது முதலாளி வந்து, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன்பின் முடிச்சூர் ரோட்டில் எங்கள் பிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, சாம்பார் வைக்கிற நேரத்தைப் பாதியாகக் குறைப்பது எப்படி என்று எனக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு கட்சியின் ஆட்கள், கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் படித்தவர் வேண்டும் என்று வாசலுக்கு வந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும் என்று நானே காபி கலந்து கொடுத்தேன்.

வேட்புமனு கொடுத்துவிட்டு வந்த அன்று, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஜெயிக்கணும் ஹேமா. இல்லன்னா இனிமே நான் யாரு?" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. எப்படியாவது ஜெயித்துத் தொலைக்கட்டும் என்று அன்றுதான் நானும் நினைத்தேன்.

ஹால் சுவரில் வார்டு வரைபடம் ஏறியது. காலையில் ரிவ்யூ மீட்டிங். கட்சிப் பையன்கள் இட்லிக்காகத் தவறாமல் வந்தார்கள். வோட்டு வாங்கிக்கொண்டு போகிறவன் திரும்பி வருவதில்லை என்பதே ஜனங்களின் பெரிய குறை என்று இவருடைய சர்வே சொன்னதாம். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் வருவேன். ப்ராமிஸ்" என்பார். நன்றாகத்தான் எடுபட்டது, தனக்கோடி சாகிற வரைக்கும்.

தனக்கோடி அந்தப் பக்கத்துப் பழைய நிலக்காரர். எங்கள் பிளாட் நிற்கிற மண்ணே ஒருகாலத்தில் அவர்கள் வயல். தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள், அத்தனையும் வோட்டு. இவர் ரோஜா மாலை போட்டார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், முகத்தை அளவாக வாட்டமாக வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு எழுந்தார். இறந்தவரின் தம்பி சிட்டிபாபுவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"மறுபடியும் வருவேன் சார். கண்டிப்பா வருவேன். ப்ராமிஸ்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டிலிருந்து போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருவதுதான் வழக்கம். இவர் அடுத்த சாவுக்கு அட்வான்ஸ் புக்கிங் செய்துவிட்டார். அத்தனை கண்ணும் சிட்டிபாபு மேல் போயிற்று. எழுபதைத் தாண்டியவர். சர்க்கரை, பிரஷர், இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட்.

சிட்டிபாபு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், என்னியா சொல்ற?"

வீட்டுக்கு வந்து நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் இந்த மனிதருக்கு முகம் வெளிறியது. "எனக்கு எப்படித் தெரியும்? உங்க அப்பா காரியத்துல நான் இப்படியெல்லாம் சொல்லலையே" என்றார். எப்படிச் சொல்வார்? என் அப்பா செத்த அன்று இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் வந்து, வாட்சைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போனவர். அவசரத்தில் சாஸ்திரப்படி நடந்துகொண்டார்.

எதிர்த்து நின்ற குமரவேல் சும்மா இருப்பானா? அவன் அந்தக் குடும்பத்துப் பங்காளி. சிட்டிபாபு அவனுக்குச் சித்தப்பா முறை. "சித்தப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கு அந்த ஆபீசர் வாய்தான் காரணம், சொல்லிட்டேன்" என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினான். தேர்தலுக்குள் சிட்டிபாபு போய்விட்டால் அந்தத் தெருவில் இவருக்கு டெபாசிட்கூடத் தேறாது.

ஆகவே சிட்டிபாபு சாகக் கூடாது என்று என் கணவர் முடிவு செய்தார். பிரச்சாரத்துக்குக் கிளம்பினால் முதல் நிறுத்தம் அவர் வீடு. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், பிரஷர் பார்ப்பார். வார்டு வரைபடத்துக்குப் பக்கத்திலேயே சிட்டிபாபுவின் சர்க்கரைக்கும் ஒரு கிராஃப் ஏறியது. ஏரிக்கரையில் இருவரும் வாக்கிங் போனார்கள். "உங்க வூட்டு பாத்ரூம் கீதே, அங்கதான் சார் எங்க பம்புசெட்டு இருந்துச்சு" என்று சிட்டிபாபு ஊர்க்கதை சொல்வார். இவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நாலாயிரம் பேர் வோட்டுப் போடும் வார்டில் வேட்பாளர் ஒரே ஒருத்தரோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பையன்கள் முணுமுணுத்தார்கள்.

பிரச்சாரத்தின் கடைசி நாள். கட்சித் தலைவர் தாம்பரத்துக்கு வருகிறார். வேட்பாளர்களை வேனில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கையையும் தூக்கிக் காட்டுவார். இவர் மொடமொடவென்ற வெள்ளைச் சட்டையில் வேன் மேல் நின்றார். நான் கீழே எங்கள் காரோரம் நின்றேன். அப்போது போன் வந்தது.

"சார், நெஞ்சு ஒரு மாரியா கீது. வரியா?"

இவர் இறங்கிவிட்டார். வட்டச் செயலாளர் வேதாசலம் ஓடிவந்து மறித்தார். "சார், தலைவர் பெருங்களத்தூர் தாண்டிட்டாரு. அங்க ஆம்புலன்ஸ் அனுப்புங்க, நீங்க எதுக்கு?"

"ஹேமா, வண்டியை எடு" என்றார் இவர்.

தலைவருக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். சந்து சந்தாக ஓட்டி, சிட்டிபாபுவைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன்பிறகும் இவர் கிளம்பவில்லை. போனை அணைத்துவிட்டு வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பொழுது சாய்கிறவரை அப்படியே இருந்தார். ஒருதடவைகூட வாட்சைப் பார்க்கவில்லை.

"வோட்டுக்காகவா?" என்று கேட்டேன்.

"முதல்ல வோட்டுக்குத்தான். இப்ப தெரியல ஹேமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவுக்காக ஒரு நிமிஷம்கூட இப்படி உட்காராதவர். உள்ளே படுத்திருந்த அந்த மனிதர் மேல் பொறாமைகூட வந்தது. அதைச் சொல்லியும் விட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

தாம்பரத்தில் தலைவர் இவர் பெயரைச் சொல்லி, பக்கத்து வார்டுக்காரர் கையைத் தூக்கிக் காட்டினாராம். சிட்டிபாபு இரண்டாவது ஸ்டென்ட்டோடு பிழைத்து, வீல்சேரில் வந்து வோட்டுப் போட்டார். குமரவேல் ஜெயித்தான். சிட்டிபாபு தெருவில் மட்டும் இவருக்கு விழுந்த வோட்டு ஒரு ஆட்டோவில் அடங்கும்.

உடம்பு தேறியதும் சிட்டிபாபு எங்கள் வீட்டுக்கு வந்தார். சர்க்கரை போடாத காபியைக் குடித்தபடியே சொன்னார்.

"உங்கிட்ட மறைக்கமாட்டேன் சார். நான் குமரவேலுக்குத்தான் போட்டேன். எங்க வூட்ல எல்லாரும் அவனுக்குத்தான்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் முடியவில்லை. "உசிரைக் காப்பாத்தினவருக்கு இல்ல, உங்க சாவை வச்சு வோட்டு கேட்டவனுக்கா?"

"பங்காளிம்மா. நாளைக்கு நல்லது கெட்டதுல அவன் மூஞ்சிலதான முழிக்கணும்."

"அப்ப நெஞ்சு வலிச்சதும் அந்தப் பங்காளியைக் கூப்பிட வேண்டியதுதானே?"

சிட்டிபாபு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதல்ல அவனத்தான்மா கூப்ட்டேன். பிரச்சாரத்துல கீறேன் சித்தப்பா, முடிச்சிட்டு வரேன்னான். இன்னும் வந்துகினு கீறான்."